கையை ஆட்டிற நண்டும் அதின்ர வளையும்

அடுத்த கேள்வி மண்டைதீவில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறா. "கடல் வத்தின நேரம் கண்டல் பக்கத்துச் சேத்தில சின்ன நண்டுகள் நிண்டு ஒரு பெரிய கையை ஆட்டுதுகள். மற்றக் கை சூம்பிக் கிடக்கு. ஏதும் வருத்தமோ? மகன் நாலைஞ்சு பிடிச்சுப் போத்திலில வச்சிருக்கிறான், வளர்க்கலாமோ?"

வருத்தமில்லைத் தங்கச்சி. அது பிடில் நண்டு. உலகத்தில 100க்கு மேல இனம் இருக்கு. ஆணுக்குத்தான் அந்தப் பெரிய கை, பெண்ணுக்கு ரெண்டும் சின்னன். நல்லா வளர்ந்த ஆணின்ர நிறையில மூண்டில ஒரு பங்குக்குக் கிட்ட அந்தக் கைதான், ஆனா அதால ஒரு வாய் சாப்பிடேலாது. பெண் ரெண்டு கையாலயும் சேத்தைக் கிள்ளிக் கிள்ளி வாயில வைக்கும். ஆணுக்கு ஒரு கைதான் உதவும். சேத்தில இருக்கிற பாசி, நுண்ணுயிரை வாயில அரிச்செடுத்துப்போட்டு மிச்சத்தைக் குட்டி உருண்டையாக் கீழ போடும். வளை வாசலில கிடக்கிற பெரிய உருண்டையள் வேற, அது தோண்டின மண்.

கையை ஆட்டிறது பெண்ணைத் தன்ர வளைக்குக் கூப்பிடத்தான். பக்கத்து ஆணை வெருட்டவும் அதே கைதான். ஆனா பெண் கையை மட்டும் பார்த்து மயங்காது. சில இனங்களில வளைக்குள்ள இறங்கிப் பார்க்கும், பிடிக்காட்டி வெளிய வந்து அடுத்த வளைக்குப் போகும். எலி வளை எண்டாலும் தனி வளை வேணும் எண்டுறது இதுகளுக்குச் சரியாப் பொருந்தும். கொக்கு வந்தால் ஒளிக்க, வெயிலுக்குப் பூவை, அதாவது மூச்சு விடுற செவுளை, நனைக்க, எல்லாத்துக்கும் வளைதான். தண்ணி பெருகி வரேக்க சேத்தால வாசலை அடைச்சுப்போட்டு உள்ளுக்க இருக்கும்.

நண்டு கொழுத்தால் வளையில தங்காது எண்டுவினம். இது எவ்வளவு கொழுத்தாலும் வளையை விட்டுத் தூரப் போகாது. மேயேக்கயும் உடம்பின்ர ஒரு பக்கம் வளையைப் பார்த்தபடிதான் நிக்கும், அப்பதான் பக்கவாட்டில ஒரே ஓட்டமா உள்ளுக்க போகலாம். எத்தினை அடி, எந்தத் திசை எண்ட கணக்கு அதுக்குள்ள ஓடிக்கொண்டே இருக்கும். ஆராய்ச்சிக்காரர் நண்டுக்குத் தெரியாமல் அதை நிண்ட நிலத்தோட சேர்த்து நகர்த்திப் பார்த்திருக்கினம். அதின்ர கணக்கின்படி வளை இருந்திருக்க வேண்டிய இடத்துக்கே ஓடிப்போய், இல்லாத வாசலைத் தேடுமாம். எனக்கு இதை வாசிச்ச நேரம் நெஞ்சு கனத்துப் போச்சு.

கசூரினா கடற்கரை மாதிரியான வெள்ளை மணலில பொழுதுபட்டாப்போல ஓடித்திரியிறது வேற சாதி. மணல் நிறம், கண் ரெண்டும் கம்பு மாதிரி நிமிர்ந்து நிக்கும். அதுவும் வளை தோண்டும், ஆனா அது வேட்டைக்காரன். பிடில் நண்டு தோண்டிற தோண்டலில காத்துச் சேத்துக்குள்ள போகும், கண்டல் வேருக்கு அது நல்லது.

போத்திலில சேறுமில்லை, வளையுமில்லை, கனநாள் தாங்காது. இண்டைக்கே வத்து நேரம் பார்த்து, பிடிச்ச இடத்திலயே விடச்சொல்லுங்கோ. பழைய வளையில இப்ப வேற நண்டு குடிவந்திருக்கும், பரவாயில்லை, ஈரச்சேறு இருந்தால் புதுசாத் தோண்டும். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கோ. ஆடாமல் அசையாமல் குந்தி இருந்தால் கொஞ்ச நேரத்தில நண்டுகள் ஒவ்வொண்டாத் தலையை நீட்டும்.