கழுத்துக் கட்டியும் ஆறு எண்களும்

(சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில், பணி ஓய்வு பெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரை)

அம்மாமார்களே, ஐயாமார்களே, வணக்கம்.

எங்கள் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஓர் அம்மா இருந்தார். பால்மரம் வெட்டப் போகும்போது கழுத்தைத் துண்டால் இறுக்கிச் சுற்றிக்கொள்வார். கொசுவுக்காக என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரப்பியில் வந்த கட்டியை மறைத்தார் என்பது நான் தாதியான பிறகே புரிந்தது. இன்று துண்டு போய்விட்டது; ஸ்கேன் அறிக்கையைச் சாமிமேடைத் தட்டுக்குக் கீழே வைத்து மறைக்கிறோம்.

புற்றோ என்ற 'சந்தேகம்', அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் வீட்டில் அழுகை தொடங்கிவிடுகிறது. அந்தச் சந்தேகம் ஸ்கேனில் வந்ததா, ஊசியில் வந்ததா? முதலில் இதைக் கேளுங்கள். கட்டி ஸ்கேனில் கறுத்து, ஓரம் கோணலாகி, உள்ளே பொடிப்பொடியாய்ச் சுண்ணாம்புப் புள்ளிகளோடு தெரிந்தால், ஊசி குத்திச் செல் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். மேலும் சோதிக்க அது ஒரு காரணம், அவ்வளவுதான். தைராய்டு கட்டிகளில் 100க்கு 90க்கு மேல் புற்று இல்லாதவை.

ஊசி முடிவு 'பெத்தெஸ்டா' முறையில் 1 முதல் 6 வரை ஓர் எண்ணாக வரும். 1 வந்தால் நிம்மதியாகக் கிளம்பிவிடாதீர்கள். போதிய செல் கிடைக்கவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று பொருள். 2 தீங்கில்லாத கட்டி. இந்த முறையின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பு, அறுவை செய்து பார்த்தவர்களின் கணக்கைத் தருகிறது: 3இல் சராசரியாக 22 விழுக்காடு, 4இல் 30 விழுக்காடு புற்று. 'புற்று எனச் சந்தேகம்' என்பது 5. அதில் 74 விழுக்காடு. அங்கேயும் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குப் புற்று இல்லை. 6இல் 97.

சரி, புற்றுதான் என்று வந்துவிட்டால்? பெரும்பாலும் அது பாப்பிலரி வகை, மெதுவாக வளர்வது. சுரப்பிக்குள் அடங்கியிருக்கும்போதே கண்டுபிடித்தவர்களில் 99 விழுக்காட்டினர் ஐந்தாண்டு தாண்டி வாழ்வதாக அமெரிக்கப் பதிவுகள் சொல்கின்றன. ஜப்பானின் கோபே நகரில் கூமா மருத்துவமனை, ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத, ஆபத்து குறைந்த பாப்பிலரிப் புற்றுக் கட்டிகளை 1993 முதல் அறுக்காமல் கண்காணித்து வருகிறது. பத்தாண்டில் அவற்றில் பெரும்பான்மை வளரவே இல்லை.

இதைக் கேட்டு அசட்டையாக இருந்துவிடாதீர்கள், தயவுசெய்து. குரல் கம்மினால், சோறு விழுங்கத் தடுத்தால், வயதானவருக்கு வாரக்கணக்கில் கட்டி பருத்தால், அப்பாய்ன்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. அரிதான, மிக மோசமான வகையும் உண்டு. நாட்டு மருந்தை நம்பி ஈராண்டு கடத்திய ஒரு தோட்டத் தொழிலாளியின் படுக்கையருகே நின்றிருக்கிறேன். அவர் முதலிலேயே வந்திருக்கலாமே என்ற வேதனை இன்னும் ஆறவில்லை.

அறுவைக்கு முன், பாதிச் சுரப்பியை எடுத்தால் போதுமா, குரல் நரம்புக்கு ஆபத்து எவ்வளவு என்று கேளுங்கள். முழுவதும் எடுத்தால், அந்தச் சுரப்பி சுரக்கும் ஹார்மோனுக்குப் பதிலாக மாத்திரை ஆயுளுக்கும். காலையில் வெறும் வயிற்றில், தேத்தண்ணிக்கு அரை மணி நேரம் முன்பு.

அறிக்கை கொண்டுவந்தவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் வாருங்கள். அந்த எண் எங்கே இருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.