புத்தகத்தை யார் கையிலிருந்து வாங்கினோம்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பங்கு மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். 'திருச்சபையைத் தாங்கி நிற்பது எழுதப்பட்ட திருநூலா, திருத்தூதர் வழிமரபா?' வழிமரபுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் விவிலியத்தைத் தூக்கிக் காட்டி, "இது போதும், இதற்கு மேல் ஆயர் எதற்கு, மரபு எதற்கு?" என்று கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். நானும் அந்த நூலைத் தினமும் வாசிக்கிறவன், அதன் மதிப்பைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. நான் கேட்பது வேறு. அந்த நூலை நாம் யார் கையிலிருந்து வாங்கினோம்?

உள்ளே மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று நான்கு நற்செய்திகள் இருக்கின்றன. தோமா பெயரிலும் ஒரு நற்செய்தி உண்டு, பேதுரு பெயரிலும் உண்டு. அவை ஏன் உள்ளே இல்லை? இந்த நூல் சேரும், அந்த நூல் சேராது என்று எந்தத் திருத்தூதராவது பட்டியல் எழுதி வைத்துவிட்டுப் போனாரா? இல்லை. இன்று நாம் வாசிக்கும் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் கூட்டாமல் குறைக்காமல் குறிப்பிட்டு நமக்குக் கிடைக்கும் பழைய பட்டியல், அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியார் 367-ல் எழுதிய பாஸ்கா மடலில் இருக்கிறது. அதன் பிறகு 393-ல் ஹிப்போவிலும் 397-ல் கார்த்தேஜிலும் ஆயர்கள் கூடி அதையே உறுதி செய்தார்கள். ஆக, எதிரணித் தலைவர் தூக்கிக் காட்டிய நூலின் பொருளடக்கமே ஆயர்கள் வழியாக வந்தது.

ஆயர்கள் தங்கள் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது எப்படி நடந்தது என்று ஒரு சம்பவத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். இரண்டாம் நூற்றாண்டின் கடைசி, அந்தியோக்கியாவின் ஆயர் செராப்பியோன். ரோசுஸ் என்ற ஊர்ச் சபைக்குப் போகிறார். அங்கே சிலர் பேதுரு நற்செய்தி என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள், அதனால் அவர்களுக்குள் சச்சரவு. பேதுரு பெயரில்தானே இருக்கிறது, வாசித்துவிட்டுப் போங்கள் என்று, அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அனுமதி கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார். அப்புறம் ஒரு பிரதியைத் தேடி வாங்குகிறார். எங்கே கிடைத்தது தெரியுமா? கிறிஸ்து உண்மையான மனித உடல் எடுக்கவில்லை, வெறும் தோற்றம்தான் என்று போதித்த கூட்டத்தாரிடம். வாசித்துப் பார்த்தால் பெரும்பகுதி சரியாக இருக்கிறது, ஆனால் நடுநடுவே புதிய சரக்கைச் செருகியிருக்கிறார்கள். உடனே அந்தச் சபைக்குக் கடிதம் எழுதுகிறார்: பேதுருவையும் மற்றத் திருத்தூதர்களையும் கிறிஸ்துவை ஏற்பதுபோலவே ஏற்கிறோம், ஆனால் அவர்கள் பெயரைப் பொய்யாகச் சூடிக்கொண்டு வரும் எழுத்துகளைத் தள்ளிவிடுகிறோம், ஏனென்றால் இவை நமக்குக் கையளிக்கப்படவில்லை என்று தெரியும். எவுசேபியு தம் திருச்சபை வரலாற்றில் இந்தக் கடிதத்தை எடுத்து எழுதி வைத்ததால் இன்று நமக்கு அது தெரிகிறது. புத்தகத்தின் அட்டையில் பேதுரு என்று எழுதியிருந்தது, நடுவர் அவர்களே. அது போதவில்லை. பேதுருவிடமிருந்து வந்ததா என்று சொல்ல, பேதுரு விட்டுச் சென்ற சபையின் விசுவாசத்தை வாங்கிக் காத்துவந்த ஒருவர் தேவைப்பட்டார்.

வழிமரபு என்றால் இதுதான். இயேசு பன்னிருவரைத் தேர்ந்து, "தந்தை என்னை அனுப்பியது போல நானும் உங்களை அனுப்புகிறேன்" என்று அனுப்பினார். அவர்கள் வேறு சிலரின் தலைமேல் கை வைத்துப் பொறுப்பை ஒப்படைத்தார்கள், அவர்கள் அடுத்தவர்களுக்கு, இப்படியே இன்றைய ஆயர் வரைக்கும். திருநூலே இதற்குச் சாட்சி. பவுல் திமொத்தேயுவுக்கு எழுதும் இரண்டாம் மடலில், என்னிடம் கேட்டதை நம்பத்தகுந்தவர்களிடம் ஒப்படை, அவர்கள் மற்றவர்களுக்குக் கற்பிக்கட்டும் என்கிறார். பவுல், திமொத்தேயு, நம்பத்தகுந்தவர்கள், மற்றவர்கள்: ஒரே வசனத்தில் நான்கு தலைமுறை! தெசலோனிக்கருக்கு எழுதும்போதும், வாய்மொழியாகவோ கடிதம் வழியாகவோ நாங்கள் கொடுத்த மரபுகளைப் பற்றிக்கொள்ளுங்கள் என்கிறார். எதிரணி கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாய்மொழியை விட்டுவிட்டது. ஏறக்குறைய 96-ல் கொரிந்து சபையில் மூப்பர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டு ஒரு கலகம் நடந்தபோது, உரோமையிலிருந்து போன கிளமெந்துவின் கடிதம் இதே காரணத்தைத்தான் சொல்கிறது: இந்தப் பொறுப்பைப் பற்றிச் சண்டை வரும் என்று திருத்தூதர்களுக்குத் தெரியும், அதனால்தான் தாங்கள் நியமித்தவர்கள் இறந்தால் தகுதியான வேறு ஆட்கள் அந்தப் பணியை ஏற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போனார்கள். முதல் நாளிலிருந்தே இன்றைய ஆயரகம் போல எல்லாம் இருந்தது என்று நான் வாதாட மாட்டேன், ஆயர் பணியும் மூப்பர் பணியும் தெளிவாகப் பிரிய ஊருக்கு ஊர் காலம் பிடித்தது. ஆனால் ஒப்படைப்பது என்பது முதல் தலைமுறையிலேயே இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி லியோன் நகரத்து ஆயர் இரேனியு. ஏறக்குறைய 180-ல் எழுதியவர். ஞானக்கொள்கைக்காரர்கள், "இயேசு சிலருக்கு மட்டும் இரகசியமாகச் சொன்னது எங்களிடம் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு அலைந்த காலம். அவர்களும் திருநூலிலிருந்துதான் மேற்கோள் காட்டினார்கள்! வசனத்துக்கு வசனம் பேசித் தீராது என்று இரேனியு புரிந்துகொண்டார். இரகசியம் இருந்திருந்தால் திருத்தூதர்கள் தங்கள் சபைகளையே ஒப்படைத்த ஆட்களிடம் அதைச் சொல்லாமலா போயிருப்பார்கள் என்று கேட்டுவிட்டு, உரோமைச் சபையின் வரிசையைப் பெயர் பெயராகச் சொல்கிறார்: லீனுஸ், அனக்கிளீத்துஸ், கிளமெந்து என்று தொடங்கித் தம் காலத்து எலுத்தேரியுஸ் வரை 12 பேர். ஊரறிய, வெளிச்சத்தில், யாரிடமிருந்து யார் பெற்றார் என்று சொல்ல முடிகிற விசுவாசம் அது.

அதே இரேனியு, வழிதவறிப்போன பழைய நண்பர் புளோரினுவுக்கு எழுதிய கடிதத்தை வாசித்தால் மனம் இளகிவிடும். சிறுவயதில் ஸ்மிர்னாவில் அந்நகரத்து ஆயர் பொலிகார்ப்பைப் பார்த்ததை நினைவுபடுத்துகிறார். அவர் எந்த இடத்தில் உட்கார்ந்து பேசுவார், எப்படி உள்ளே வருவார், எப்படி வெளியே போவார், ஆள் எப்படி இருப்பார், யோவானோடும் ஆண்டவரைக் கண்ணால் கண்ட மற்றவர்களோடும் பழகியதை எப்படிச் சொல்வார், எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது என்கிறார். அதைத் தாளில் எழுதவில்லை, என் இதயத்தில் எழுதி வைத்துக்கொண்டேன் என்கிறார். இயேசு, யோவான், பொலிகார்ப்பு, இரேனியு. இடையில் இரண்டே பேர்.

இந்த மனிதர்தான் இன்னொரு கேள்வியும் கேட்டார். திருத்தூதர்கள் ஒரு வரிகூட எழுதாமல் போயிருந்தால் என்ன செய்திருப்போம்? அவர்கள் சபைகளை ஒப்படைத்தவர்களிடம் விட்டுச்சென்ற மரபைத்தானே பின்பற்றியிருப்போம்? தாளும் மையும் இல்லாமலே பல இனத்தார் இப்படித்தான் நம்புகிறார்கள் என்றார்.

தாளும் மையும் இல்லாமல் நம்பியவர்கள் நம் கடற்கரையிலேயே இருந்தார்கள், நடுவர் அவர்களே. 1542-ல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவர் சொல்வது பரதவ மக்களுக்குப் புரியவில்லை, அவர்கள் சொல்வது அவருக்குப் புரியவில்லை. இரண்டு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு விசுவாச அறிக்கை, கற்பித்த செபம், அருள் நிறைந்த மரியே, கட்டளைகள் எல்லாவற்றையும் பல நாள் மெனக்கெட்டுத் தமிழாக்கி, மனப்பாடம் பண்ணி, கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்துக்கொண்டே போய், பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்த்து நாளுக்கு இரண்டு முறை சொல்லிக்கொடுத்தார். கற்ற பிள்ளைகள் வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். தமிழில் புதிய ஏற்பாட்டைத் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடித்தது 1715-ல், சீகன்பால்கு என்ற லுத்தரன் மிஷனரி. அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் 1542-க்கும் 1715-க்கும் இடையில் 173 ஆண்டுகள். அச்சடித்த நற்செய்தியை ஒருநாளும் கையில் பிடிக்காமல் கடலுக்குப் போய், குழந்தைக்குத் திருமுழுக்கு கொடுத்து, செத்தவரை அடக்கம் பண்ணிய அத்தனை தலைமுறையையும் எதிரணி எந்தக் கணக்கில் வைக்கும்?

ஜப்பானில் இதைவிடக் கடினமான சோதனை நடந்தது. 1614-ல் கிறிஸ்தவத்துக்கு நாடு முழுவதும் தடை. குருக்கள் கொல்லப்பட்டார்கள். மிஞ்சிய மக்கள் மறைந்து வாழ்ந்தார்கள். 1865 மார்ச்சில் நாகசாகியின் புதிய ஓவுரா ஆலயத்துக்கு உரகாமி கிராமத்து ஏழை விவசாயிகள் சிலர் வந்து, பெத்தித்ஜான் என்ற பிரெஞ்சுக் குருவிடம், எங்கள் இதயமும் உங்கள் இதயமும் ஒன்றுதான் என்று சொல்லி, மரியாளின் சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். இப்படி வெளிப்பட்டவர்கள் உரோமையிலிருக்கும் தலைவரைப் பற்றியும் குருக்களின் மணத்துறவு பற்றியும் விசாரித்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் குரு இல்லை, திருப்பலி இல்லை. திருமுழுக்கை மட்டும் வாய்மொழியாகக் காப்பாற்றினார்கள். இதில் நான் கவனிப்பது என்னவென்றால், நமக்கு நாமே ஒருவரைக் குருவாக்கிக்கொள்வோம் என்று அவர்கள் முடிவு செய்யவில்லை. அது தங்களிடம் இல்லை, அனுப்பப்பட்டவர் கையிலிருந்துதான் வர வேண்டும் என்று காத்திருந்தார்கள்.

சரி, எதிரணியின் குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன்.

மனித மரபை இயேசு கண்டித்தாரே என்று மாற்கு 7-ஐ வாசித்தார்கள். கடவுளின் கட்டளையைச் செல்லாததாக்கும் மரபைக் கண்டித்தார், அதில் எனக்கும் மறுப்பில்லை. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கமே, ஆசிரியம், அதாவது சபையின் போதிக்கும் அதிகாரம், இறைவார்த்தைக்கு மேலானது அல்ல, அதற்குப் பணிபுரிவது என்று எழுதி வைத்திருக்கிறது.

இரண்டாவதாகப் பேசிய சகோதரி கெட்ட திருத்தந்தையர்களைப் பட்டியலிட்டார். ஆறாம் அலெக்சாண்டரைச் சொன்னார். நம் காலத்தில் சிறுவர்களுக்கு நடந்த கொடுமையை மூடி மறைத்த ஆயர்களைச் சொன்னார். சகோதரி, நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க மாட்டேன், அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நம் சபை தலைகுனிந்துதான் நிற்க வேண்டும். ஆனால் பன்னிருவரில் ஒருவனே யூதாசு. அவன் விழுந்தபோது பேதுரு என்ன செய்தார்? பன்னிருவர் என்ற ஏற்பாட்டையே கலைத்துவிடுவோம் என்றாரா? அவனது பொறுப்பை வேறொருவர் ஏற்கட்டும் என்று திருப்பாடலை எடுத்துச் சொல்லி, யோசேப்பையும் மத்தியாவையும் நிறுத்தி, மத்தியாவைச் சேர்த்துக்கொண்டார்கள். பொறுப்பு ஆளைவிடப் பெரியது என்பதால்தான் ஆளைக் குற்றவாளி என்று சொல்லவே நமக்கு வாய் வருகிறது. பேதுரு திருமுழுக்கு கொடுத்தாலும், யூதாசு கொடுத்தாலும், கொடுப்பவர் கிறிஸ்துவே என்று அகுஸ்தினார் சொன்னது இப்படிக் காயப்பட்ட வட ஆப்பிரிக்கச் சபையைப் பார்த்துத்தான்.

மூன்றாவது, கொஞ்சம் கனமான கேள்வி. இன்றைய கத்தோலிக்க ஆயர்களில் மிகப் பெரும்பாலோருக்கு யார் கை வைத்தார், அவருக்கு யார் கை வைத்தார் என்று வரிசையைப் பின்னோக்கித் தேடினால் 16-ம் நூற்றாண்டின் கர்தினால் சிப்பியோனே ரெபீபாவிடம் போய் நிற்கிறது, அவரைத் திருநிலைப்படுத்தியவர் யார் என்பதற்கு உறுதியான ஆவணம் கிடைக்கவில்லை. "அப்புறம் எப்படிப் பேதுரு வரைக்கும் போவீர்கள்?" என்றார் எதிரணி நண்பர். நியாயமான கேள்வி. ஆவணம் தொலைவது வேறு, நடந்தது நடக்காமல் போவது வேறு. 325-ல் நீசேயா சங்கம் தன் நான்காம் விதியில், ஓர் ஆயரைத் திருநிலைப்படுத்த மாநிலத்து ஆயர்கள் எல்லோரும், முடியாவிட்டால் குறைந்தது மூவராவது கூட வேண்டும், வராதவர்கள் எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்றது. இன்றும் முதன்மை ஆயரோடு இன்னும் இருவராவது கை வைப்பதுதான் வழக்கம். ஒவ்வொருவருக்கும் மூவர், அந்த மூவரில் ஒவ்வொருவருக்கும் மூவர். இது ஒற்றைக் கயிறு அல்ல, வலை. ஒரு கண்ணி கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் வலையே இல்லை என்று கடற்கரைக்காரர் யாரும் சொல்ல மாட்டார்.

ஆயர் திருநிலைப்பாட்டை நேரில் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். ஆயர்கள் ஒவ்வொருவராக வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், முழந்தாளிட்டிருப்பவரின் தலைமேல் கை வைப்பார்கள். அதன் பிறகு நற்செய்தி நூலைத் திறந்து அவர் தலைமேல் வைக்க, திருத்தொண்டர்கள் இருவர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், திருநிலைப்பாட்டு மன்றாட்டு முடியும் வரைக்கும். நூலா, வழிமரபா என்று நாம் இங்கே கட்சி பிரிந்து நிற்கிறோம். அங்கே கை வைத்த தலையின் மேல்தான் நூல் இருக்கிறது, அந்தத் தலை நூலுக்குக் கீழேதான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இது உரோமை தன் அதிகாரத்துக்காகக் கட்டிய கதை என்றார்கள். 1653 ஜனவரி 3-ல் மட்டாஞ்சேரியில் தோமையார் கிறிஸ்தவர்கள், போர்த்துகீசியர் மேலும் இயேசு சபையார் மேலும் இருந்த கோபத்தில், இனி அவர்களுக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று கூனன் குரிசு சத்தியம் செய்தார்கள். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவர்கள் தங்கள் தலைவரான அர்ச்சதியாக்கோன் தோமாவை ஆயராக்கினார்கள், கை வைத்தது 12 குருக்கள், ஆயர் ஒருவரும் இல்லை. அது செல்லாது என்ற உறுத்தல் அவர்களுக்குள்ளேயே எழுந்து, பலர் விலகிப் போனார்கள். 1665-ல் எருசலேமிலிருந்து மார் கிரகோரியோஸ் என்ற ஆயர் வந்தபோது அவரை வரவேற்று அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டார்கள் என்று அந்தச் சபைகளின் வரலாறே சொல்கிறது. உரோமையோடு உறவை முறித்த பிறகும் ஆயரின் கைக்காகத் தவித்தவர்கள் அவர்கள். 5-ம் நூற்றாண்டுச் சர்ச்சைகளால் பிரிந்த காப்டிக் சபை, ஆர்மீனியச் சபை, கிழக்கின் அசீரியச் சபை, 1054 பிளவுக்குப் பின் தனியே போன ஆர்த்தடாக்ஸ் சபைகள், ஒன்றோடொன்று எத்தனையோ விஷயத்தில் சண்டை போட்ட இவை எல்லாவற்றிலும் ஆயரை ஆயர்கள்தான் கை வைத்து ஏற்படுத்துகிறார்கள். உரோமை கண்டுபிடித்தது என்றால், உரோமையை எதிர்த்தவர்கள் எல்லோரும் அதை எங்கிருந்து பெற்றார்கள்? எதிரணியில் அடுத்துப் பேசுகிறவர் இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.