தாய் வீட்டில் உட்கார்ந்திருந்தால் வந்திருக்குமா?

நடுவர் அவர்களே, அவையோரே, அஸ்ஸலாமு அலைக்கும்!

நிறுவனங்களில் ஊழலைத் தடுப்பது தணிக்கையா, இறையச்சமா? இதுதான் இன்றைய வழக்கு. எதிரணித் தலைவர் அடித்துச் சொன்னார்: "இறையச்சம் பள்ளிவாசலோடு நிற்கட்டும், அலுவலகத்துக்குத் தணிக்கை போதும்." போதுமா? அமெரிக்காவின் என்ரான் நிறுவனத்தில் 64 பக்க நெறிமுறைக் கையேடே இருந்தது. கணக்கு மோசடி அம்பலமாகி 2001 டிசம்பரில் திவாலானது. அதன் கணக்கைத் தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனத்திலேயே என்ரான் தொடர்பான காகிதங்களை அரைத்துத் தள்ளினார்கள். காவல்காரருக்கு யார் காவல், ஐயா?

மதீனாவுக்கு வாருங்கள். ஜகாத் என்ற கட்டாயத் தர்மத்தை வசூலிக்க நபிகள் நாயகம் (ஸல்) இப்னுல் லுத்பிய்யா என்பவரை அனுப்புகிறார்கள். திரும்பி வந்தவர் சொல்கிறார்: "இது உங்களுக்குரியது. இது எனக்கு அன்பளிப்பாக வந்தது." கவனியுங்கள், அவர் எதையும் ஒளிக்கவில்லை! வெறும் கணக்கைப் பார்ப்பவர் "சரியாக இருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டிருப்பார். நபிகளார் மிம்பரில், அதாவது பள்ளிவாசல் மேடையில், ஏறிக் கேட்டார்கள்: "இவர் தன் தந்தை வீட்டிலோ தாய் வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு வந்திருக்குமா?"

டெண்டர் முடிவாகும் வாரத்தில் கொள்முதல் அதிகாரியின் மேசைக்கு ஒரு பரிசுப் பெட்டி வருகிறது. விதி ஒரு தொகை வரம்பு வைத்திருக்கும். பெட்டியும் அந்த வரம்புக்குச் சற்றுக் கீழேயே வந்து சேரும்! வந்தது ஆளுக்கா, நாற்காலிக்கா? அதை விதி கேட்காது. தாய் வீட்டுக் கேள்வி கேட்கும்.

தணிக்கையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கலீபா உமர் (ரலி) ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்களுடைய சொத்தைக் கணக்கெடுத்து வைத்தார்கள். அந்தக் கணக்கெடுப்பைக் கேட்டு வாங்கியதே இறையச்சம்தான். மக்களின் பொருள் அமானிதம், நம்பி ஒப்படைக்கப்பட்டது, அதற்கு மறுமையில் தானும் பதில் சொல்ல வேண்டும் என்ற நடுக்கம்!

ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் உள்ள ஒரு நபிமொழியோடு முடிக்கிறேன். "நாம் ஒரு பொறுப்பில் அமர்த்தியவர் ஓர் ஊசியை மறைத்தாலும் அது மோசடிதான், மறுமையில் அதோடுதான் வருவார்" என்றார்கள் நபிகளார். உடனே அன்சாரிகளில், அதாவது நபிகளாருக்குத் துணை நின்ற மதீனாவாசிகளில், ஒருவர் எழுந்தார். "இறைத்தூதரே, எனக்குக் கொடுத்த பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். அவர்மேல் யாரும் புகார் சொல்லவில்லை. விசாரணை இல்லை, நோட்டீஸ் இல்லை. கேட்ட ஒரு சொல்லுக்கே எழுந்துவிட்டார்.

எதிரணித் தலைவரே, அந்த மனிதரை எழுப்பியது எந்தத் தணிக்கை அறிக்கை? அடுத்து வரும் உங்கள் அணிப் பேச்சாளர் அதற்குப் பதில் சொல்லட்டும்.