இடம் எங்கே போதவில்லை?

நேயர்களுக்கு வணக்கம்.

கணினியின் இயங்குதளத்தை அடுத்த பதிப்புக்கு மேம்படுத்த முற்படும்போது, ‘வட்டில் போதிய இடமில்லை’ என்ற அறிவிப்பு திரையில் வந்து நிற்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த அறிவிப்பைக் கண்டவுடன் நம் கை எதை நோக்கிப் போகிறது என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். இடம் இல்லாமல் போனதால் வந்த இழப்பைவிட, இடம் உண்டாக்கும் அவசரத்தில் அழித்தவற்றால் வந்த இழப்பையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

நண்பர் ஒருவர் தம் மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் வகை இயங்குதளத்தின் அடுத்த பதிப்பை நிறுவ முயன்றார். இடம் போதவில்லை என்று அறிவிப்பு வந்தது. கணினியில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை அவருடைய பிள்ளைகளின் சிறுவயதுக் காணொளிகள். அவற்றில் ஏறத்தாழ 30 ஜி.பி. அளவுக்கு அழித்தார், குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். மறுபடி முயன்றபோது அதே அறிவிப்பு வந்தது, அதே எண்ணிக்கையுடன். 30 ஜி.பி. காலியான பிறகும் ‘இன்னும் 118 எம்.பி. தேவை’ என்றே கணினி சொன்னது. அதன் பிறகுதான் என்னை அழைத்தார்.

நான் போய் அந்த அறிவிப்பை முழுமையாகப் படித்தேன். எண்ணுக்குப் பக்கத்திலேயே ‘பூட்’ என்ற ஒரு சொல் இருந்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் சாளரத்தைத் திறந்து, டி, எஃப் என்ற இரண்டெழுத்துக் கட்டளையை இட்டோம். வட்டு எத்தனைப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை அது வரிசையாகக் காட்டும். முதன்மைப் பகுதி பாதிகூட நிரம்பவில்லை. ‘பூட்’ பகுதியோ 97 விழுக்காடு நிரம்பியிருந்தது. காணொளிகள் இருந்தது ஒரு பகுதி; இடம் போதாமல் தவித்தது வேறொரு பகுதி. ஒன்றில் எவ்வளவு அழித்தாலும் மற்றொன்றில் ஓர் அங்குலமும் கூடப்போவதில்லை.

ஆகவே, இந்த அறிவிப்பு வரும்போது ‘எவ்வளவு இடம் வேண்டும்’ என்று கேட்பதற்கு முன்னால், ‘எங்கே இடம் வேண்டும்’ என்று கேளுங்கள். விடை பெரும்பாலும் அந்த அறிவிப்பிலேயே இருக்கும்.

அந்தச் சிறிய பகுதி எதற்காக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் கணினியில் வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்து பூட்டி வைத்தால், கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டைத் திறப்பதற்கே ஒரு சிறு நிரல் முதலில் இயங்கியாக வேண்டும். அந்த நிரலும், இயங்குதளத்தின் மையமான கர்னலும் பூட்டப்படாத தனி இடத்தில் இருக்க வேண்டும் என்பதால்தான், நிறுவும்போதே, பல கணினிகளில் சில நூறு எம்.பி. அளவில், இந்தப் பகுதி ஒதுக்கப்படுகிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்போதெல்லாம் புதிய கர்னல் ஒன்று இங்கே வந்து சேரும். துணைக் கோப்புகளோடு சேர்த்து ஒவ்வொன்றும் 100 எம்.பி.க்கு மேல்கூடப் போகலாம். பழையவை நீக்கப்படாமல் நான்கைந்து தங்கிவிட்டால் இடம் முடிந்துபோகும்.

இதற்குத் தீர்வு எளிது. தேவையற்ற மென்பொருள் தொகுப்புகளை நீக்கும் ‘ஏபிடி ஆட்டோரிமூவ்’ கட்டளை, இப்போது இயங்கிக்கொண்டிருக்கும் கர்னலையும் ஆகப் புதியதையும் விட்டுவிட்டு, மற்றப் பழையவற்றை முறைப்படி எடுத்துவிடும். நண்பரின் கணினியில் ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. பலர் செய்வதுபோல் அந்தப் பகுதிக்குள் நேரே நுழைந்து கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள். கோப்பு போய்விட்டாலும் மென்பொருள்களை நிறுவி நீக்கும் தொகுப்பு மேலாளரின் பதிவேட்டில் அது இருப்பதாகவே இருக்கும். அடுத்த நிறுவலில் சிக்கல் எழும். இயங்கிக்கொண்டிருக்கும் கர்னலையே தவறுதலாக அழித்துவிட்டால், மறுமுறை கணினி எழுந்திருக்காமலும் போகலாம்.

நண்பரின் காணொளிகள் திரும்பக் கிடைக்கவில்லை. இன்றைய எஸ்.எஸ்.டி. வட்டுகளில், அழிக்கப்பட்ட இடங்களை இயங்குதளம் வட்டுக்குத் தெரிவித்துவிடுவதால், வட்டு அவற்றைத் தானே துடைத்துவிடுகிறது; பழைய சுழலும் வட்டுகளில் இருந்த மீட்பு வாய்ப்பு இவற்றில் மிகக் குறைவு. அவர் முன்பு தம் அக்காவுக்கு அனுப்பி வைத்திருந்த சில காணொளிகள் அந்த அக்காவின் கைபேசியில் இருந்தன. எஞ்சியவை அவ்வளவுதான்.

இனி விண்டோஸுக்கு வருவோம். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்ததால், விண்டோஸ் 11-க்கு மாறுவோர் இப்போது ஏராளம். விண்டோஸ் 11-க்கு 64 ஜி.பி. சேமிப்பிடம் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. இதை ‘64 ஜி.பி. காலியாக இருக்க வேண்டும்’ என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அது வட்டின் மொத்தக் கொள்ளளவைக் குறிக்கும் எண். காலியிடம் எவ்வளவு வேண்டும் என்பது உங்கள் கணினியின் நிலைமையைப் பொறுத்து மாறும்.

மேம்படுத்தலுக்கு ஏன் இவ்வளவு இடம் தேவைப்படுகிறது? புதிய பதிப்பின் சுருக்கப்பட்ட கோப்புகள் முதலில் பதிவிறங்குகின்றன. பிறகு அவை விரிக்கப்படுகின்றன. அந்த நேரம் முழுவதும் பழைய இயங்குதளமும் அங்கேயே இருக்கிறது. வேலை முடிந்த பின்னரும், ஏதேனும் பழுதானால் திரும்பிப் போவதற்காகப் பழையதை ‘விண்டோஸ் டாட் ஓல்ட்’ என்ற கோப்புறையில் கணினி பத்திரப்படுத்துகிறது. ஒரே நேரத்தில் இரண்டு இயங்குதளங்களை வட்டு தாங்கிக்கொண்டிருப்பதே இந்தப் பற்றாக்குறையின் காரணம்.

சி டிரைவில் இடம் போதாதபோது, அமைப்புகளில் ‘ஸ்டோரேஜ்’ என்ற பக்கத்தைத் திறந்தால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பது தெரியும். தற்காலிகக் கோப்புகளை அங்கிருந்தே நீக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையும் இடம்பெற்றிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தால், நீங்கள் பதிவிறக்கி வைத்த ஆவணங்களும் சேர்ந்து போய்விடும். எனவே ஒவ்வொரு வரியாகப் படித்துத் தேர்ந்தெடுங்கள். கணினியை உறக்க நிலைக்கு அனுப்புவதற்காக விண்டோஸ் வைத்திருக்கும் ‘ஹைபர்ஃபில்’ என்ற மறைந்த கோப்பு பல ஜி.பி. அளவில் இருக்கக்கூடும், ஹைபர்னேட் வசதியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தால் அந்த இடமும் கிடைக்கும், மேம்படுத்தல் முடிந்ததும் திரும்ப இயக்கிக்கொள்ளலாம். இவ்வளவு செய்தும் போதவில்லையென்றால், 10 ஜி.பி.யோ அதற்கு மேலோ காலியாக உள்ள பென் டிரைவையோ வெளி வட்டையோ செருகி, அதைத் தற்காலிக இடமாகப் பயன்படுத்தும்படி விண்டோஸ் அப்டேட்டிடமே சொல்ல முடியும். சிறிய வட்டு கொண்ட கணினிகளுக்கு இது பேருதவி. மேம்படுத்தல் முடியும்வரை மட்டும் அதைப் பிடுங்கிவிடக் கூடாது.

விண்டோஸ் கோப்புறைக்குள் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்று ஒன்று உண்டு. அதன் அளவைப் பார்த்தால் பலருக்குத் திகைப்பு ஏற்படும். இதை அழித்தால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடுமே என்று தோன்றும். தயவுசெய்து அதில் கைவைக்காதீர்கள். அங்கே தெரியும் கோப்புகளில் பெரும்பகுதி, விண்டோஸின் மற்ற இடங்களில் தெரியும் அதே கோப்புகள்தாம். ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்கள் இருப்பதால், அளவு இருமுறை கணக்கிடப்படுகிறது. அதில் உண்மையாகவே பழையதாகிப்போனவற்றை நீக்க ‘டிஸ்க் கிளீன்அப்’ கருவியில் தனித் தெரிவு இருக்கிறது; அந்த வழியாக மட்டுமே போங்கள்.

விண்டோஸிலும் நண்பரின் ‘பூட்’ பகுதியைப் போன்ற ஒன்று உண்டு. சி டிரைவில் 100 ஜி.பி. காலியாக இருக்க, ‘சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனைப் புதுப்பிக்க முடியவில்லை’ என்று நிறுவல் நின்றுவிடும். கணினி எழுவதற்கான கோப்புகள் இருக்கும் அந்தப் பகுதி பெரும்பாலும் 100 எம்.பி. அளவே இருக்கும், கோப்பு உலாவியில் கண்ணுக்கும் தெரியாது. சில பாதுகாப்பு மென்பொருள்கள் அதில் தம் கோப்புகளை எழுதி வைப்பதாலும் அது நிரம்பிவிடுகிறது. கணினி பழுதானால் சரிசெய்யும் கருவிகள் இருக்கும் மீட்புப் பகுதி என்று இன்னொன்றும் உண்டு. 2024 ஜனவரியில் வந்த ஒரு பாதுகாப்புத் திருத்தம், அந்த மீட்புப் பகுதியில் 250 எம்.பி. காலியாக இல்லாத கணினிகளில் எல்லாம் தோல்வியடைந்தது. அப்போது வந்த பிழைச் செய்தியில் இடம் என்ற சொல்லே இல்லை, வெறும் ஓர் எண்தான் இருந்தது. அதனால் பலர் காரணம் புரியாமல் நாள்கணக்கில் திண்டாடினார்கள். இந்தப் பகுதிகளின் அளவை மாற்றுவது நுட்பமான வேலை. முழுக் காப்பு நகல் எடுக்காமல் அதில் இறங்க வேண்டாம். பழக்கம் இல்லாதவர்கள், அறிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

காப்பு நகலை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கணினி தானே எச்சரிக்கும் என்று எப்போதும் நம்பியிருக்க முடியாது. மேக் கணினிகளுக்கு 2020-இல் வந்த பிக் சர் பதிப்புக்கு, சியரா என்ற பழைய பதிப்பிலிருந்தோ அதற்குப் பிந்தையவற்றிலிருந்தோ மாற 35.5 ஜி.பி. காலியிடம் வேண்டும் என்று ஆப்பிள் அறிவித்திருந்தது. ஆனால் அதன் நிறுவல் நிரல், போதிய இடம் இல்லாத கணினிகளிலும் வேலையைத் தொடங்கிவிட்டது. இடம் தீர்ந்து பாதியில் நின்ற கணினிகள், முன்னும் போகாமல் பின்னும் போகாமல் சுழன்றுகொண்டே இருந்தன. சிலர் தம் கோப்புகளையே இழக்க நேர்ந்தது. 2021 பிப்ரவரியில் வந்த 11.2.1 பதிப்பில்தான் அந்தக் குறை சரிசெய்யப்பட்டது. அன்று வெளி வட்டில் ஒரு பிரதி வைத்திருந்தவர்களுக்கு அது ஒருநாள் தொல்லை. வைத்திராதவர்கள் இழந்ததை நான் இங்கே கணக்கிட்டுச் சொல்ல முடியாது.

அழித்த பிறகும் இடம் கூடாத புதிர்கள் வேறு சிலவும் உண்டு. மேக்கில், அழித்த கோப்பைக் கணினி தானாக எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட், அதாவது வட்டின் அந்நேர நிலையின் பதிவு, இன்னும் பிடித்துக்கொண்டிருக்கலாம். அது நீங்கும்வரை இடம் திரும்பாது. லினக்ஸில், ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் பதிவுக் கோப்பை நீங்கள் அழித்தால், பெயர் மறையும், இடம் மறையாது. அந்த நிரலை நிறுத்தியதும் விடுபடும். அதே லினக்ஸில், இ.எக்ஸ்.டி. 4 என்ற கோப்பு முறையில் அமைந்த பகுதி ஒவ்வொன்றிலும் வழக்கமாக 5 விழுக்காடு இடம் நிர்வாகிக்கென ஒதுக்கப்பட்டிருக்கும், 500 ஜி.பி. வட்டில் அது 25 ஜி.பி. ஆகிறது. 256 ஜி.பி. என்று வாங்கிய வட்டை விண்டோஸ் 238 என்று காட்டுவதைப் பார்த்து ஏமாற்றப்பட்டதாக எண்ண வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, வட்டு ஒன்றே.

மேம்படுத்தல் நல்லபடியாக முடிந்ததும், பல ஜி.பி. பிடித்திருக்கும் அந்த ‘விண்டோஸ் டாட் ஓல்ட்’ கோப்புறை உங்கள் கண்ணை உறுத்தும். அன்றைக்கே அதை அழித்துவிட வேண்டாம். பழைய பதிப்புக்குத் திரும்ப விண்டோஸ் உங்களுக்குத் தரும் காலம் 10 நாள்; அதற்குப் பிறகு அக்கோப்புறையைக் கணினியே நீக்கிவிடும். அந்த 10 நாளுக்குள் பிரின்டர் அச்சிடுகிறதா, அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள்கள் திறக்கின்றனவா, ஒலியும் கேமராவும் இயங்குகின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்து, அதற்கு முன்பே இடம் தேவைப்பட்டால், ‘ஸ்டோரேஜ்’ பக்கத்தில் ‘முந்தைய விண்டோஸ் நிறுவல்’ என்ற வரியைத் தேர்ந்தெடுத்து நீக்கிக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.