ஆளுக்கொரு துண்டு தெரியும்: கடலோரப் பள்ளியில் மாணவர் நலனை ஒருங்கிணைப்பது எப்படி

[காட்சி: விடிகாலை. பாம்பன் கரையில் படகுகள். மெல்ல ஒரு பள்ளி வாசல் தெரிகிறது.]

வணக்கம். பாம்பன் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி. பெயர் வேண்டாம். இந்தக் கரையில் வளரும் பல பிள்ளைகளைச் சேர்த்து நான் சொல்லும் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதமாக அவளிடம் சில மாற்றங்கள். வீட்டுப்பாடம் நின்றுபோனதைக் கணக்கு சார் பார்த்தார். கோ-கோ என்றால் முதல் ஆளாக ஓடி வருகிறவள் இப்போது வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள், அதைப் பி.டி. சார் பார்த்தார். திடீர் திடீரென்று மூன்று நாள், நான்கு நாள் வராமல் போவதை வகுப்பாசிரியர் பார்த்தார். சத்துணவு அக்கா பார்த்தது வேறு. தட்டில் வைத்த முட்டையை அவள் தொடுவதில்லை. சோற்றைச் சாப்பிட்டு முடித்து, யாரும் பார்க்காத நேரமாக முட்டையை எடுத்து டப்பாவில் வைத்து மூடி, புத்தகப் பையின் அடியில் செருகிக்கொள்கிறாள். பக்கத்தில் உட்காரும் தோழிக்கு இன்னொன்று தெரியும். அப்பா போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது.

ஐந்து பேர். ஆளுக்கொரு துண்டு தெரியும். ஒருவரும் அக்கறை இல்லாதவர் கிடையாது. கணக்கு சார் கண்டித்தார், பி.டி. சார் "உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார், சத்துணவு அக்கா இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார். ஆனால் ஐந்து துண்டையும் ஒரே மேசையில் யாரும் வைக்கவில்லை.

[காட்சி: வருகைப் பதிவேட்டின் ஒரு பக்கம். அதன் பக்கத்தில் தினசரி நாட்காட்டி.]

வைத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். அவள் வராத நாள்களை நாட்காட்டியோடு சேர்த்துப் பாருங்கள். அமாவாசையை ஒட்டி மூன்று நாள், பௌர்ணமியை ஒட்டி நான்கு நாள். நீர் நன்றாக வற்றும் நாள்கள் அவை. அப்பா சிறைக்குப் போன பிறகு அம்மா விற்பதற்குக் கடற்பாசி எடுக்கக் கடலில் இறங்க ஆரம்பித்திருக்கிறார். வீட்டில் மூன்று வயதுத் தம்பி. அம்மா கடலில் இருக்கும் நேரம் அவனைப் பார்த்துக்கொள்ள இவளை விட்டால் ஆள் இல்லை. முட்டை அவனுக்கு.

இந்தப் பிள்ளைக்கு முதலில் தேவை அறிவுரை இல்லை. தம்பியை அங்கன்வாடியில் சேர்க்க ஒருவர் உடன் போய் வர வேண்டும். சிறையில் இருக்கும் மீனவர் குடும்பத்துக்கு அரசு தரும் தினசரி உதவித்தொகை இந்த வீட்டுக்கு வருகிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒருவர் விசாரிக்க வேண்டும். விட்டுப்போன பாடங்களின் நோட்டு வேண்டும். வீட்டுப்பாடத்துக்காகத் திட்டுவதை நிறுத்த வேண்டும். அப்புறம், "அப்பாவைப் பத்தி ஏதாவது தகவல் வந்துச்சாத்தா?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்க ஒரு மனுஷர் வேண்டும். இவ்வளவு செய்த பிறகும் அவள் மனம் தேறவில்லை என்றால், அப்போது ஆலோசகரிடம் போகலாம்.

இந்த வேலைகளைப் பிரித்துக் கொடுத்து, நடந்ததா என்று திரும்பக் கேட்பதற்குப் பெயர்தான் ஒருங்கிணைப்பு. அதைச் செய்ய ஒரு ஆள் வேண்டும். நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். பள்ளியில் அக்கறை போதுமான அளவு இருக்கிறது. இந்தத் துண்டுகளைக் கோக்கும் நூலைக் கையில் பிடித்திருக்கும் ஆள்தான் இல்லை.

[காட்சி: ஆசிரியர் அறை. காலியான ஒரு நாற்காலி.]

யாரை அந்த ஆளாகப் போடுவது? பணிமூப்புப் பார்த்துப் போடாதீர்கள். இடைவேளையில் பிள்ளைகள் யாரைச் சுற்றி நிற்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள், விடை தானாகக் கிடைக்கும். ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்று இரண்டு பேர் இருந்தால் நல்லது. பொறுப்பைக் கொடுக்கும் தலைமை ஆசிரியர் வாரத்துக்கு இரண்டு பாடவேளையாவது குறைத்துத் தர வேண்டும். ஏற்கெனவே தேர்வுப் பணி, இணையப் பதிவேற்றம், உதவித்தொகை விண்ணப்பம் என்று சுமந்துகொண்டிருக்கிறவர் தலையில் இதையும் வெறுமனே ஏற்றினால், அது பெயர்ப் பலகையோடு நின்றுவிடும்.

அடுத்தது வாரம் ஒரு கூட்டம். அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். ஒருங்கிணைப்பாளர், தலைமை ஆசிரியர், அந்தந்த வகுப்பாசிரியர், பி.டி. சார் உட்காரட்டும். சத்துணவு அக்காவை விட்டுவிடாதீர்கள். யார் சாப்பிடவில்லை, யார் இரண்டாம் முறை கேட்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது, சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதனால் உயர்நிலை வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு அன்றைய முதல் சாப்பாடே மதியம்தான். பதினோராம் வகுப்புக்குப் போய்விட்டால் அதுவும் வீட்டைப் பொறுத்தது. மூன்றாவது பாடவேளையில் மேசையில் தலை சாய்க்கும் பையனைச் சோம்பேறி என்று எழுதும் முன், காலையில் என்ன சாப்பிட்டான் என்று கேளுங்கள்.

கூட்டத்தில் கேட்க மூன்றே கேள்வி. இந்த வாரம் யாரிடம் என்ன மாற்றம் பார்த்தோம்? யார், என்ன செய்யப் போகிறோம், எந்தத் தேதிக்குள்? போன வாரம் சொன்னது நடந்ததா? மூன்றாவது கேள்வியில் இரக்கமே காட்டாதீர்கள். "பேசுறேன்னு சொன்னேன், மறந்துட்டேன்" என்பதில்தான் ஒரு பிள்ளையின் ஒரு மாதம் போய்விடுகிறது.

[காட்சி: கோடு போட்ட நோட்டு. ஒரு கை எழுதுகிறது.]

எழுதுவதற்கு ஒரு நோட்டு. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "திமிர் பிடித்தவன்" என்று எழுதினால், அதைப் படிக்கிற அடுத்தவர் திமிரைத்தான் தேடுவார். "செவ்வாய், புதன் இரண்டு நாளும் யாரோடும் பேசவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது கதவைப் பார்த்தான்" என்று எழுதுங்கள். நோட்டு தலைமை ஆசிரியரின் பீரோவில் பூட்டியே இருக்கட்டும். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளையின் பெயரையும் பிரச்சினையையும் சேர்த்து ஒருபோதும் போடாதீர்கள். இது சின்ன ஊர். இரவு எட்டு மணிக்குக் குழுவில் போட்ட செய்தி, விடிவதற்குள் மீன் ஏலம் விடும் இடம்வரை போய்விடும்.

அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் சீட்டுப் போட்ட பிள்ளை ஒரு வாரம் பார்க்கும். எந்த அசைவும் இல்லை என்றால் அதற்குப் பிறகு எழுதாது. பெட்டியைத் திறக்கும் நாளை எல்லோருக்கும் தெரியும்படி அறிவியுங்கள். கழிவறையில் தண்ணீர் இல்லை என்ற புகாரைத்தான் முதலில் சரிசெய்யுங்கள். சின்ன விஷயத்தைச் சொன்னபோது கேட்டார்கள் என்று தெரிந்தால்தான் பெரிய விஷயத்தைச் சொல்ல அவர்களுக்குத் தைரியம் வரும்.

[காட்சி: பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்பட்ட புயல் எச்சரிக்கைக் கூண்டு.]

சரி, நம் கரைக்கு வருவோம். வெளியூரிலிருந்து பணிக்கு வரும் ஆசிரியர்களுக்கு இந்தப் பகுதி உதவும்.

கடலுக்கு ஒரு நாட்காட்டி உண்டு. பள்ளியின் நலப் பணியும் அதைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். ராமேசுவரத்தில் விசைப்படகுகள் பொதுவாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் காலைதான் கரை. புதன்கிழமை பெற்றோர் கூட்டம் வைத்துவிட்டு "அப்பா ஒருத்தரும் வரலை" என்று வருத்தப்படுவதில் நியாயம் இல்லை. வெள்ளிக்கிழமை பாருங்கள், பெரும்பாலானோர் வீட்டில் இருப்பார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் என்றால் ஜும்மா முடிந்த பிறகு வையுங்கள். அங்கே பல வீடுகளில் வாப்பா சபராளி, அதாவது பிழைப்புக்காக வெளிநாடு போனவர், வளைகுடாவில் இருப்பார். போனில் மட்டும் தெரிந்த தகப்பனிடம் மகனைப் பற்றிப் புகார் சொன்னால், அந்தக் கோபம் முழுக்க உம்மாவின் தலையில் விழும். அந்த அழைப்பில் முதலில் மகன் நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லுங்கள்.

பாம்பனில் கூண்டு ஏறினால் படகு இறங்காது. படகு இறங்கவில்லை என்றால் கையில் காசு இருக்காது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இது அடிக்கடி நடக்கும். அந்த வாரம் சுற்றுலாவுக்குப் பணம், நோட்டுக்குப் பணம் என்று வகுப்பில் எழுந்து நிற்க வைத்துக் கேட்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதில் பெரும்பகுதி பள்ளி விடுமுறை. வீட்டில் வருமானம் இல்லை, பள்ளியின் கண்ணும் பிள்ளை மேல் இல்லை. பையன்கள் வேலைக்கு வெளியூர் போவதும், பெண் பிள்ளைக்கு 18 வயது ஆகும் முன்பே வீட்டில் கல்யாணப் பேச்சு எடுப்பதும் இந்த இடைவெளியில்தான் எளிது. அதனால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். எந்தப் பிள்ளைகளை விடுமுறையில் ஒருமுறையாவது கூப்பிட்டுப் பேச வேண்டும், யார் பேசுவது?

அந்தப் பட்டியலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பொதுத்தேர்வு முடிவுகள் மே மாதம் வரும், பள்ளி பூட்டியிருக்கும்போது. காலையில் செல்போனில் மதிப்பெண் வந்துவிடும். அந்த முதல் சில மணி நேரம் பிள்ளை தனியாக இருக்கக் கூடாது. தோல்வி அடைந்தவர்களையும், எதிர்பார்த்த மதிப்பெண் வராமல் உடைந்துபோகக் கூடியவர்களையும் அன்று மதியத்துக்குள் ஓர் ஆசிரியர் அழைக்க வேண்டும். துணைத்தேர்வு இருக்கிறது, விண்ணப்பத்துக்கு நாங்கள் உதவுகிறோம் என்ற இரண்டு வாக்கியம் போதும். பெற்றோரிடமும் தனியாகப் பேசுங்கள்: இன்றைக்கு ஏச வேண்டாம், தனியே விட வேண்டாம்.

ஒரு பிள்ளை "இருந்து என்ன பிரயோஜனம்?" என்கிற மாதிரிப் பேசினால், பேச்சை மாற்றாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. உள்ளே இருப்பது வெளியே வரத்தான் வழி கிடைக்கும். தனியாக அனுப்பாதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "உன்னைக் காப்பாற்ற யாரிடம் சொல்லணுமோ அவங்க கிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

பாலியல் தொல்லை என்று தெரியவந்தால் பள்ளிக்குள்ளேயே விசாரணை நடத்தாதீர்கள். ஐந்து ஆசிரியர்கள் ஐந்து முறை கேட்டால், பிள்ளை ஐந்து முறை அதை அனுபவிக்கிறது. ஒருமுறை கேளுங்கள், சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், காவல் துறைக்குத் தெரிவியுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-லும் சொல்லுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் விடுவது குற்றம். நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை. "பள்ளியின் பெயர் கெட்டுவிடும்" என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

[காட்சி: நூலகத்தின் ஒரு மூலை. இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல்.]

இன்னொன்று, இது எனக்கு மனதில் தைத்திருக்கும் விஷயம். 2001 ஆகஸ்ட் 6 அன்று நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நம் மாவட்டத்தில் மனநலம் என்ற சொல் இன்றும் அந்தச் சங்கிலியின் சத்தத்தோடுதான் பலர் காதில் விழுகிறது. கொஞ்சம் மாறிப் பேசும் பையனைப் பார்த்து "இவனை ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போங்கடா" என்று வகுப்பில் கேலி செய்கிறார்கள். ஆசிரியர்கள் அதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். பிள்ளையோடு பேசும் அறைக்கு 'மனநல ஆலோசனை' என்று பலகையும் மாட்டாதீர்கள். அந்தப் பலகையின் கீழ் நடந்து உள்ளே போக எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. நூலக மூலை போதும். வகுப்பு நடக்கும்போது ஆள் அனுப்பிக் கூப்பிடவும் வேண்டாம், நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மாலையில் மணி அடித்த பிறகு, "இந்த நோட்டெல்லாம் தூக்கிட்டு வர உதவி பண்றியா?" என்று கேளுங்கள். நடந்துகொண்டே பேசலாம்.

உதவி எண்களையும் தலைமை ஆசிரியர் அறைச் சுவரில் மட்டும் ஒட்டாதீர்கள். அங்கே நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளும் தைரியம் யாருக்கு இருக்கும்? கழிவறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள்.

கடைசியாக, இடமாறுதல். கலந்தாய்வு வந்தால் ஒருங்கிணைப்பாளர் சொந்த ஊருக்கே போய்விடக்கூடும். போகும் முன் புதிதாகப் பொறுப்பேற்பவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டிவிட்டுப் போக வேண்டும். ஆள் வர நாளாகும் என்றால் தலைமை ஆசிரியர் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

[காட்சி: ஜூன் மாதம். பள்ளி திறந்த முதல் வாரம். சத்துணவுக் கூடம்.]

புதிதாக வந்த டீச்சர் நோட்டைப் படித்துவிட்டு மதியம் சத்துணவுக் கூடத்தில் போய் நிற்கிறார். அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. தட்டில் முட்டை. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி அங்கன்வாடிக்குப் போறானாத்தா?" என்று கேட்கிறார். அவள் நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர்?" என்றபடி முட்டையை உரிக்கத் தொடங்குகிறாள்.