பிரஷர் தனியாக வருவதில்லை

பெரியோர்களே, தாய்மார்களே, டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வந்திருக்கும் இளைஞர்களே, வணக்கம்.

பிரஷர் மாத்திரை வாங்கக் கிளினிக்குக்குப் போகிறவர்களில் பலர் ஒரே ஒரு எண்ணைக் கேட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். 140/90க்குக் கீழே வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு. எனக்கு இதில் உடன்பாடில்லை. பிரஷரோடு கூட வேறு என்ன குடிவந்திருக்கிறது என்று தேடுவது கிளினிக்கின் பாதி வேலை.

முதலில் சர்க்கரை. இந்திய வம்சாவளியினருக்கு அது இளவயதிலேயே, பெரிதாக உடம்பு பெருக்காமலே வந்துவிடும். அதனால் நமக்கு இடுப்பளவின் எல்லை குறைவு: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் நாடாவை வைத்து அளக்க வேண்டும்; பேண்ட் கட்டும் இடத்தில் அளந்தால் தொப்பை தப்பித்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் 7.0 மில்லிமோல், அல்லது எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.5 சதவீதம், அதற்கு மேல் வந்தால் சர்க்கரை நோய். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு முறை பார்த்து உறுதி செய்ய வேண்டும். இந்தியாவிலுள்ள சொந்தக்காரர் போனில் ‘எனக்கு 126’ என்றால் குழம்ப வேண்டாம். அதுவும் இந்த 7.0தான், அலகு வேறு.

அடுத்தது சிறுநீரகம். இதைத்தான் நாம் கோட்டை விடுகிறோம். பிரஷர் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கெட்ட சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை இன்னும் ஏற்றும். வலி இருக்காது, கால் வீக்கமும் ஆரம்பத்தில் இருக்காது. ஆகவே வருடத்துக்கு ஒருமுறை இரண்டு பரிசோதனைகளும் வேண்டும். இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்த்து, சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடுவது ஒன்று. அது மூன்று மாதத்துக்கு மேலாக 60க்குக் கீழே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய். சிறுநீரில் ஆல்புமின் (ஒரு புரதம்)–கிரியேட்டினின் விகிதம் பார்ப்பது மற்றொன்று. ஒரு மில்லிமோலுக்கு 3 மி.கி.க்கு மேல் தொடர்ந்து வந்தால், கிரியேட்டினின் சரியாக இருந்தாலும் சேதம் தொடங்கிவிட்டது. எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை தொடங்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் மருந்தை நிறுத்த அவசரப்பட வேண்டியதில்லை. அதற்கு மேல் ஏறினால் காரணம் தேட வேண்டும்.

அந்தக் காரணம் பல வீடுகளில் மூட்டுவலி மாத்திரைதான். எடை கூடி, முழங்கால் தேய்ந்து, பிரஷரும் சேர்ந்துகொண்ட அம்மாமார்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. கிளினிக்கில் எனலாப்ரிலும் ஹைட்ரோகுளோரோதையசைடு என்ற நீர் மாத்திரையும் கொடுத்திருப்பார்கள்; மருந்துக்கடையில் சீட்டில்லாமலே ஐபுபுரூஃபென் என்ற வலி மாத்திரை கிடைக்கும். மூன்றும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் என்ன ஆகும்? நீர் மாத்திரை உடம்பின் நீரைக் குறைக்கும். ஐபுபுரூஃபென் சிறுநீரக வடிகட்டிக்குள் இரத்தம் நுழையும் குழாயைச் சுருக்கும். எனலாப்ரில் வெளியேறும் குழாயைத் தளர்த்தும். வடிகட்டியில் அழுத்தம் விழுந்து, வேலை சில நாளிலேயே நின்றுபோகலாம். போதாததற்கு ஐபுபுரூஃபென் பிரஷரையும் ஏற்றும். எண் ஏறியதைப் பார்த்து இன்னொரு மாத்திரை சேர்ப்பார்கள். வலிக்குப் பாரசிட்டமால், மேலே பூசும் களிம்பு, தொடைத் தசைக்குப் பயிற்சி, இவற்றைப் பார்க்கலாம். கடையில் வாங்கும் எல்லாவற்றையும், நாட்டுமருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள்.

அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையால் கணுக்கால் வீங்கலாம். அதை இதய நோய் என்று எண்ணி நீர் மாத்திரை கொடுப்பதும் நடக்கிறது. பயன் இல்லை, டாக்டர் அம்லோடிபின் அளவைக் குறைத்தாலே பெரும்பாலும் வீக்கம் வடியும். நீர் மாத்திரை யூரிக் அமிலத்தைக் கூட்டும். கால் பெருவிரல் திடீரென்று சிவந்து வலித்தால் கவுட் வாதமா என்று கேளுங்கள். எச்ஐவிக்கு டோலுடெக்ராவிர் எடுப்பவர்களுக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை இரத்தத்தில் கூடிவிடும். அவர்களுக்கு மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1000 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. எச்ஐவி மருந்து எடுப்பதைக் கூச்சத்தால் மறைத்தால் டாக்டருக்கு எப்படித் தெரியும்? மூன்று மருந்து போட்டும் பிரஷர் அடங்காதவர் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று விழிக்கிறாரா (அதுவும் பிரஷரை ஏற்றும்) என்பதை வீட்டில் கூட இருப்பவர்தான் சொல்ல முடியும்.

உப்பு நாளுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி. ரொட்டி, சாசேஜ் போன்றவற்றின் உப்புக்குத் தென்னாப்பிரிக்க அரசே 2016 முதல் வரம்பு வைத்திருக்கிறது. மாங்காய் ஊறுகாயையும் கருவாட்டையும் அப்பளத்தையும் நாம்தான் கவனிக்க வேண்டும். ‘லைட்’ உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் கெட்டவரும் எனலாப்ரில் எடுப்பவரும் கேட்காமல் வாங்க வேண்டாம்.

புரட்டாசி விரதம் இருப்பவர்கள் பிரஷர் மாத்திரையை நிறுத்த வேண்டாம், தண்ணீரோடு விழுங்கலாம். ஆனால் சாப்பாட்டைத் தவிர்க்கும் நாளில் கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போடுபவருக்குச் சர்க்கரை 4க்குக் கீழே இறங்கும் ஆபத்து உண்டு. அளவை முன்கூட்டியே கிளினிக்கில் மாற்றிக்கொள்ளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து தண்ணீரே தங்காத நாளில் எனலாப்ரில், நீர் மாத்திரை, மெட்ஃபார்மின் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி அன்றே கிளினிக்கைக் கேளுங்கள். சாதாரணமாகச் சாப்பிட ஆரம்பித்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மறுபடி தொடங்க வேண்டும். பலர் நிறுத்தியதோடு மறந்துவிடுகிறார்கள்.