நிற்க வைத்தும் ஒரு பிரஷர்

நேயர்களுக்கு வணக்கம். சுகர் இருக்கிற வீட்டில் கண்ணைப் பற்றிப் பேசுவார்கள், சிறுநீரகத்தைப் பற்றிப் பேசுவார்கள். நான் பேச வந்தது, நம்மைக் கேட்காமலே வேலை செய்கிற தன்னியக்க நரம்புகளைப் பற்றி. இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை, செரிமானம் எல்லாம் அவற்றின் பொறுப்பு. பல வருஷம் சர்க்கரை ஏறியே இருந்தால் அவையும் பழுதாகும்.

குடியாத்தம் பக்கம் ஒரு பெரியவர், லுங்கி நெசவாளி. விடியற்காலையில் கட்டிலை விட்டு எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். கொல்லைப்பக்கம் போகும்போது விழுந்தும் இருக்கிறார். பித்தம் என்று வீட்டில் இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். அக்னி நட்சத்திரம், வெயில் என்றார்கள். மாதாமாதம் பிரஷர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், உட்கார்ந்தபடி. என்னிடம் வந்தபோது படுக்க வைத்துப் பார்த்தேன், மேல் அளவு 140. எழுந்து நிற்கச் சொல்லி, மூன்று நிமிஷத்துக்குள் மறுபடி பார்த்தேன், 104. கையில் கட்டிய பட்டையோடு மேஜையைப் பிடித்துக்கொண்டார். நாம் எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கும். குழாய்களைச் சுருக்கி அதை மேலே அனுப்ப வேண்டிய நரம்பு அவருக்கு வேலை செய்யவில்லை. மேல் அளவு 20 இறங்கினாலே கவனிக்க வேண்டும். அதனால்தான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன்: "நிக்க வச்சும் ஒரு தடவை பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள். கூச்சமே வேண்டாம், கேளுங்கள். காலையில் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பாதங்களை ஆட்டிவிட்டு எழுந்திருங்கள்.

அடுத்தது இதயம். துடிப்பை அடக்கி வைப்பது வேகஸ் நரம்பு. அது முதலில் கெடுவதால், சும்மா இருக்கும்போதே நாடி 100-ஐத் தாண்டி ஓடும். அதைவிட எனக்குப் பெரிய கவலை, வலியில்லாத மாரடைப்பு. நெஞ்சு வலித்தால்தானே ஆஸ்பத்திரி என்று நினைக்கிறோம்? இவர்களுக்கு அந்த வலியே தெரியாமல் போகலாம். திடீர் மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை, வாந்தி, காரணமில்லாத அசதி வந்தால், கேஸ் என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், ஈ.சி.ஜி. எடுங்கள்.

நம் காட்பாடி பக்கம் கரிகிரியில் தொழுநோய்க்காக உழைத்தவர்களுக்கு இது தெரியும்: நரம்பு கெட்ட பாதத்தில் வியர்வை நின்று, தோல் வறண்டு வெடிக்கும். சர்க்கரையிலும் அப்படியே. தினமும் எண்ணெய் தடவுங்கள், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம்.

வயிற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் இல்லை. சாப்பாடு இறங்காமல் வயிற்றிலேயே தங்கினால், இன்சுலின் போட்டபின் சர்க்கரை தாழ்ந்துவிடும். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மயக்கம் வருகிறதென்று பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வணக்கம்.